திருவொளி அறை

சாம்பாரில் உப்பு இல்லையென்றால் அந்த டாக்டர், "சாம்பார் இன்றைக்குச் சாந்தமாக இருக்கிறது" என்பார். அவர் வீட்டில் சமைத்த அம்மாள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மறுநாளும் சாந்தமாகவே வைத்தார். நான் அறிய அந்த வீட்டுச் சாம்பாரில் உப்பு ஏறியதே இல்லை. அவரும் ஒருநாள்கூடக் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

விருதுநகரில் ரயிலடிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் அவருடைய மருத்துவமனை இருந்தது. சென்னையில் மனநோய் வைத்தியம் படித்துவிட்டு, ஐம்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். அதற்கு முன்பு புத்தி கலங்கியவர்களை எங்கள் பக்கத்தில் கோயில் வாசல்களில் சங்கிலி போட்டு வைப்பார்கள். அல்லது வீட்டின் பின்கட்டில் அடைத்துத் தட்டை உள்ளே தள்ளுவார்கள். ஆகையால் அவர் வந்தது ஊருக்கு ஒரு நன்மை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. நோயாளிகளை அவர் 'நீங்கள்' என்றே அழைப்பார். மலஜலம் கழித்துவிட்டு அதிலேயே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு அருகில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசுவதுபோலப் பேசுவார். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

பிறர் முகம் வாடுவதைக் காணத்தான் அவருக்குத் திராணி இல்லை. ஒரு வேலையாள் நோயாளியைக் கைநீட்டி அடித்துவிட்டான். டாக்டர் அவனைத் தனியே அழைத்து, "உங்கள் கைகளுக்கு வேறோர் இடத்தில் நல்ல எதிர்காலம் இருக்கிறது" என்று சொன்னார். அது வேலைநீக்கம் என்று புரியாமல் அவன் மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். கடைசியில் நர்சம்மா வாசலில் நின்று, "ஏலே, ஒன்னைய வேலைய விட்டு எடுத்து ரெண்டு நாளாச்சு. வீட்டுக்குப் போ" என்று விளக்கிச் சொன்ன பிறகே போனான். நர்சம்மா சாத்தூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கட்டிப்போடுவதை அவர் கட்டிப்போடுவது என்பார். ஊசியை ஊசி என்பார். அந்த மருத்துவமனை ஒழுங்காக நடந்ததற்கு அது ஒரு காரணம்.

நான் அப்போது உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். மாலையில் சிவன் கோயிலில் ஓதுவாருடன் அமர்ந்து பதிகம் பாடுவதும், கேட்பவர்களுக்குப் பொருள் சொல்வதும் என் வழக்கம். டாக்டரும் வந்து தூணோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். நல்ல பக்தர் என்று எண்ணியிருந்தேன். பாட்டு முடிந்ததும் அருகில் வந்து ஏதாவது ஒரு சொல்லுக்கு மட்டும் பொருள் கேட்பார், தலையசைத்துக்கொண்டு போய்விடுவார். கேட்ட சொற்களெல்லாம் எங்கே போயின என்பது, அவர் என்னை மருத்துவமனைக்கு அழைத்தபோதுதான் தெரிந்தது. பெயர்ப்பலகைகளில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார்.

முதல் அறையின் மேல் 'ஏகாந்தம்' என்று எழுதியிருந்தது. முரண்டு பிடிக்கும் நோயாளிகளைத் தனியே அடைக்கும் அறை அது. கதவின் வெளிப்பக்கத்தில் இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. ஏகாந்தத்திற்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் போடும் முறையை நான் வேறெங்கும் கண்டதில்லை. அடுத்த அறையில் தூக்க ஊசி போடுவார்கள். அதன் பலகையில் 'அறிதுயில்' என்று இருந்தது. அது பாற்கடலில் பள்ளிகொண்டவனுக்கு உரிய சொல். உறங்கிக்கொண்டே அனைத்தையும் அறிந்திருக்கும் நிலை. அந்த ஊசி போட்டுக்கொண்டவர்கள் தம் பெயரைக்கூட அறியாமல் உறங்கினார்கள். கட்டிலில் கைகால்களைப் பிணைக்கும் தோல்வார்கள் வைத்திருந்த பெட்டியின் மேல் 'அரவணைப்பு' என்று ஒரு சிறு சீட்டு ஒட்டியிருந்தது. சாப்பிட மறுப்பவர்களுக்கு மூக்கு வழியே குழாய் விட்டுக் கஞ்சி செலுத்துவதற்கு 'அமுதூட்டல்' என்று பெயர்.

"பலகைதான் புதுசு சார், கட்டில் அதேதான்" என்றார் நர்சம்மா, என்னைக் கடந்து போகையில்.

நான் டாக்டரிடம், இவை கருவறைக்கு முன்னால் நின்று சொல்லும் சொற்கள் என்றேன்.

"அதனால்தான் சார் எடுத்தேன். காதில் விழுந்ததும் மனம் இளகுகிறது, பாருங்கள்."

"அடியார்கள் நோயை நோய் என்று சொல்லித்தான் முறையிட்டார்கள். பயத்தைப் பயம் என்றார்கள். அதையெல்லாம் ஒளிக்காமல் சொன்ன பிறகே அருள் என்ற சொல்லுக்கு வந்தார்கள்."

"அவர்கள் இறைவனிடம் பேசினார்கள். நான் உறவினர்களிடம் பேச வேண்டியிருக்கிறது" என்றார். பிறகு சற்று யோசித்து, "நான் படித்த ஆங்கிலப் புத்தகங்களில் இவற்றைவிட மெல்லிய சொற்கள் இருக்கின்றன சார். பூட்டி வைப்பதற்கே அழகழகாக நாலைந்து பெயர். தமிழுக்குக் குறை வந்துவிடக் கூடாதே என்று பார்க்கிறேன்" என்றார். அவர் முகத்தில் கேலி இல்லை. தமிழுக்குத் தொண்டு செய்வதாகவே நம்பினார். எழுத்துப்பிழை ஏதும் இல்லை என்று சொன்னேன். அவர் கேட்டதும் அவ்வளவுதான்.

அவருடைய சொற்களைச் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் மிகவும் விரும்பினார்கள். அங்கே வெடி விபத்தில் உடம்பில் காயமில்லாமல் தப்பி, அதன்பின் தூங்காமலும் பேசாமலும் கிடப்பவர்களை அவரிடம் கொண்டுவருவார்கள். டாக்டர் பரிசோதித்து, 'சிறு திடுக்கம்' என்று எழுதிக் கொடுப்பார். திடுக்கம் என்பது யாருக்கும் வரக்கூடியது, தும்மலைப் போன்றது. அதற்குக் கம்பெனி யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர் அதை நினைத்து எழுதவில்லை; வந்தவரின் மனைவி பக்கத்தில் நிற்கிறாளே என்று எழுதினார். நாளடைவில் மேனேஜர்களும் அவருடைய மொழியைக் கற்றுக்கொண்டார்கள். ஒருநாள் அவர் அறையில் ஒரு மேனேஜர் காபி குடித்துக்கொண்டே, "காலைல நம்ம ஷெட்டுல ஒரு சலனம் டாக்டர்" என்றார். டாக்டரும், "அப்படியா, இப்போது அடங்கிவிட்டதா?" என்று கேட்டார். இருவரும் மழையைப் பற்றிப் பேசுவது போலிருந்தது. நான் விடைபெற்று வெளியே வந்தபோது, பெரிய ஆஸ்பத்திரியை நோக்கி ஒரு லாரி போயிற்று. அதில் உடல் வெந்த மூன்று பேரை வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். சலனம் என்றால் என்னவென்று அன்று அறிந்தேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பெட்டி வந்தது. மரப்பெட்டி, மேலே ஒரு முள்ளும் இரண்டு திருகுகளும், பக்கவாட்டில் கம்பிகள். தலையில் மின்சாரம் செலுத்தும் வைத்தியத்திற்கானது. டாக்டர் பல நாள் அதற்குத் துணி போர்த்தியே வைத்திருந்தார். கார்த்திகைத் தீபத்தன்று கோயிலில் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தவர் கண் திறந்தார். அவருக்குச் சொல் கிடைத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரம் பச்சை வண்ணத்தில் 'திருவொளி அறை' என்ற பலகை மாட்டப்பட்டது. எழுதியவன் சிவகாசி அச்சகங்களில் சாமி படம் வரைந்து பழகியவன். தானாகவே எழுத்தைச் சுற்றிக் கதிர்கள் போட்டுவிட்டான். நோயாளி நாக்கைக் கடித்துக்கொள்ளாமலிருக்க வாயில் வைக்கும் ரப்பர்த் துண்டுக்கு டாக்டர் 'நாவடக்கம்' என்று பெயரிட்டார்.

அதன்பின் நடந்தவற்றை நான் எதிர்பார்க்கவில்லை. அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். நோயாளிகளைப் பார்க்க வந்த கிராமத்து ஜனங்கள் அந்த அறைக்கு முன்னால் செருப்பைக் கழற்றினார்கள். சிலர் நிலைப்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை யாரோ கற்பூரம் ஏற்றினார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை வாசலில் தேங்காய் விற்பவள் ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாள். சாத்தூர்ப் பருத்தி வியாபாரி ஒருவர், மகளுக்குக் கல்யாணம் கூடிவரும் சமயம், தமக்கும் ஒரு தடவை திருவொளி கிடைத்தால் நல்லது என்று கேட்டார். டாக்டர் அவரிடம், "உங்களுக்கு இன்னும் காலம் கனியவில்லை" என்றார். வியாபாரி தம் குறையை உணர்ந்தவராய்த் தலைகுனிந்து போனார்.

"தேங்காய்ச் சிரட்டை பெருக்குறதுக்கு ஒரு ஆளு போடுங்க டாக்டர்" என்று மட்டும் நர்சம்மா கேட்டார்.

அந்தச் சமயத்தில்தான் அச்சங்குளத்துச் சங்கரலிங்கம் தம் தங்கையை அழைத்துக்கொண்டு வந்தார். சொந்தமாகக் கொஞ்சம் கரிசல் நிலம் வைத்துப் பருத்தியும் மிளகாயும் போடுகிறவர். தங்கை பொன்னுத்தாய் பட்டாசுக் கம்பெனியில் திரி செருகும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவள் தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரத்தில், உடன் வேலை பார்த்தவர்கள் இருந்த அறை அவள் கண்ணெதிரிலேயே வெடித்தது. அன்று முதல் எங்கே நெருப்பைக் கண்டாலும் அவள் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். அடுப்பில் ஊற்றினாள். பீடி குடித்துக்கொண்டிருந்த சம்பந்தியின் முகத்தில் ஊற்றினாள். மாரியம்மன் கோயிலில் மாவிளக்குகள் வரிசையாக எரிந்தபோது ஒரு குடத்தைக் கவிழ்த்தாள். ஊர்க்காரர்கள் கூடி, அவளை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவளைக் குணமாக்கித் திரும்ப வீட்டுக்கு அழைத்துப் போவது ஒன்றே அண்ணனின் கவலை.

வேறொரு வழக்கமும் அவளுக்கு வந்திருந்தது. அண்ணன் முதலில் நுழைந்து பார்க்காத அறைக்குள் அவள் நுழைய மாட்டாள். அண்ணன் தொட்ட பிறகே எதையும் தொடுவாள். மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தால்கூட, அவர் ஒன்றை எடுத்து விழுங்கிக் காட்ட வேண்டும். அவர் அங்கே இருந்த நாட்களில் பாதி நேரம் தூங்கி வழிந்ததற்கு அதுதான் காரணம்.

டாக்டர் அவளுடைய நோய்க்கு 'ஒளி மறுப்பு' என்று பெயர் வைத்தார். சங்கரலிங்கத்திற்கு அது உடனே விளங்கிவிட்டது.

"சாமி வெளக்க அணைச்சவளுக்குச் சாமி ஒளியவே குடுக்கப் போறீக. சரிதான்யா" என்றார்.

"மனம் கனிய வேண்டும். கனிந்ததும் கொடுக்கலாம்."

ஆனால் பொன்னுத்தாய் கனியவில்லை. ஒளி என்ற சொல்லைக் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சொல் எதைக் காட்டியது என்பதை யாரும் கேட்கவில்லை. வாசலில் எரிந்த கற்பூரங்களை மட்டும் நாள்தோறும் தவறாமல் அணைத்துவந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. தேங்காய்க்காரியின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த சங்கரலிங்கத்தைத் தனியே அழைத்து, "இது மின்சாரமப்பா. தலையில் கரண்டு வைக்கிற வைத்தியம்" என்று சொன்னேன்.

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "கோயில்லயே இப்பக் கரண்டு லைட்டுதான வாத்தியாரய்யா எரியுது. அதுக்காகச் சாமி இல்லைன்னு ஆயிருமா?"

"அதில்லை. உடம்பை வருத்தும்."

"தீ மிதிக்கிறது வருத்தாமயா இருக்கு? அம்புட்டுப் பெரிய படிப்புப் படிச்சவுக எழுதி மாட்டிருக்காக. நீங்களும் பலகையெல்லாம் பாத்துட்டுச் சரின்னு சொன்னீகளாம்ல?"

எழுத்துப்பிழையைத்தான் பார்த்தேன் என்று சொல்லியும் அவர் கேட்கவில்லை. மாறாக, நல்ல நாள் பார்த்திருப்பதாகவும், அன்று நான் வந்து ஒரு பதிகம் பாட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அங்கே என்ன நடக்கும் என்ற அச்சத்தோடு போனேன்.

அன்று காலை சங்கரலிங்கம் குளித்து, ஈர வேட்டியோடு, மஞ்சள் துண்டு கட்டி, தாம்பாளத்தில் தேங்காய் பழத்துடன் வந்தார். மூன்று நாளாக ஒருவேளை சாப்பாடு என்று சொன்னார். பொன்னுத்தாய் பின்னால் நிலைப்படிக்கு வெளியே நின்றாள். கையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருந்தாள். அதைப் பிடுங்க வேண்டாம் என்று நர்சம்மா சொல்லியிருந்தார்.

"மொதல்ல எனக்குக் குடுங்கய்யா" என்றார் சங்கரலிங்கம்.

டாக்டர் புரியாமல் பார்த்தார்.

"நா வாங்கிக்கிட்டாத்தான் அவ வருவா. அதுமட்டுமில்ல, அவளுக்கு முன்னால நா வாங்கிக்கிறேன்னு நேந்திருக்கேன்."

"உங்களுக்கு இப்போது அவசியப்படவில்லை, சங்கரலிங்கம்."

"அருளு யாருக்குய்யா அவசியப்படாது?"

"உங்கள் மனம் ஏற்கெனவே ஒளியோடு இருக்கிறது."

"கூடக் கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டும்."

இப்படிச் சொல்லிக்கொண்டே அவர் கட்டிலில் ஏறி, கிழக்கே தலைவைத்துப் படுத்துவிட்டார். கும்பிட்ட கை மார்பின் மேல் இருந்தது. பக்கத்தில் தொங்கிய தோல்வாரைப் பார்த்து, "இது எதுக்குய்யா?" என்றார்.

"அரவணைப்புக்கு."

"யாரு அரவணைக்க?"

நர்சம்மா ரப்பர்த் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. "இந்தா நாவடக்கம். வைக்கவா டாக்டர்?" என்று கேட்டார்.

சங்கரலிங்கம் தாமாகவே வாயைத் திறந்தார்.

நான் பதிகத்தைத் தொடங்கவில்லை. டாக்டரின் கை பெட்டியின் மேல் இருந்தது. இன்னும் ஒரு சொல் அவருக்குக் கிடைத்துவிடும் என்றே நினைத்தேன். அவர் தம் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த சொற்களுக்குள் தேடுவது கண்களில் தெரிந்தது. பிறகு துணியை எடுத்துப் பெட்டியின் மேல் போட்டார்.

"எழுந்திருங்கள், சங்கரலிங்கம். இது அருள் இல்லை."

அவர் வாயை மூடாமலே பார்த்தார்.

"இந்தப் பெட்டியிலிருந்து தலைக்குள் மின்சாரம் செலுத்துவேன். வலிப்பு வந்ததுபோல உடம்பு முழுக்கத் துடிக்கும். நாக்கைக் கடித்துத் துண்டாக்கிக்கொள்ளாமல் இருக்க இந்த ரப்பர். துடிக்கிற துடிப்பில் எலும்பு முறியாமல் இருக்க இந்தக் கட்டு. சிலருக்குக் கட்டியும் முறிந்திருக்கிறது. நினைவு தப்பிவிடும். திரும்பி வந்த பிறகு பழைய ஞாபகங்கள் சில வராமலே போகலாம்."

வெளியே தேங்காய்க்காரி பேசுவதை நிறுத்திவிட்டாள். சங்கரலிங்கம் எழுந்து உட்கார்ந்தார்.

"கொணமாகுமாய்யா?"

"சிலருக்கு நன்றாக ஆகியிருக்கிறது. சோறு தண்ணீர் இறங்காமல் செத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். இவளுக்கு ஆகுமா என்று எனக்குத் தெரியாது."

'தெரியாது' என்ற சொல்லை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். வழக்கமாக அந்த இடத்தில் 'கனிய வேண்டும்' என்பார்.

"இதெல்லாம் மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருக்கலாம்."

"ஏன்யா சொல்லலை?"

டாக்டர் பெட்டியின் மேல் போட்ட துணியை இழுத்துச் சரிசெய்தார். "எனக்குப் பயமாக இருக்கும்" என்றார். "ஒவ்வொரு தடவையும்."

அந்தப் பலகைகள் வருகிறவர்களுக்காக எழுதப்பட்டவை என்றே அதுவரை நான் நினைத்திருந்தேன்.

சங்கரலிங்கம் தங்கையின் பக்கம் திரும்பினார். "கேட்டியா தாயி? ஒனக்கு இது வேணுமா?"

அவளிடம் யாரும் எதையும் கேட்டு மாதக்கணக்காகிறது. வாளியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "கண்ணுக்கு முன்னால வெடிச்சது போதும்ணே. தலைக்குள்ள வேண்டாம்."

"சரி" என்றார் அண்ணன். கட்டிலிலிருந்து இறங்கினார். தாம்பாளத்தை மட்டும் டாக்டரின் கையில் கொடுத்தார். "நேந்தது நேந்ததுதான். இத நீங்க வச்சுக்கிடுங்க. வீட்ல இவள நா என்ன செய்யட்டும்? ஊருல அடுப்புப் பத்தவைக்காம இருக்க முடியுமா?"

டாக்டர் தாம்பாளத்தைப் பிடித்தபடி யோசித்தார். "அவள் தண்ணீர் ஊற்றுவதைத் தடுக்காதீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் அவள் கைக்கு எட்டுகிற மாதிரி எப்போதும் ஒரு குடம் தண்ணீர் இருக்கட்டும். அணைத்தால் மறுபடி பற்றவையுங்கள். சண்டை போடாதீர்கள். வேறு வைத்தியம் எனக்குத் தெரியவில்லை" என்றார்.

இருவரும் சாத்தூர் பஸ்ஸுக்குப் போனார்கள். பொன்னுத்தாய் போகிற வழியில் தேங்காய்க்காரியின் முன்னால் எரிந்த கற்பூரத்தின் மேல் வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போனாள். தேங்காய்க்காரி அன்றே கடையைக் கட்டினாள்.

பச்சைப் பலகையைக் கழற்றிவிட்டு, 'மின்சார வைத்தியம்' என்று வேறொன்று எழுதச் சொன்னார் டாக்டர். வருகிறவர்களை உட்காரவைத்து, கட்டு, ரப்பர், துடிப்பு, மறதி என்று அன்று சொன்ன வரிசையிலேயே சொல்லுவார். சொல்லும்போது முகம் வெளுக்கும். பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். மீதிப்பேர் கேள்வி கேட்டார்கள். 'ஏகாந்தம்' என்ற பலகையும் போயிற்று. தாழ்ப்பாள் மட்டும் இருந்தது. 'சிறு திடுக்கம்' என்று எழுதுவதை அவர் நிறுத்திக்கொண்டதாலோ என்னவோ, கம்பெனிக்காரர்கள் வருவது குறைந்துபோயிற்று. ஆனால் எல்லாவற்றிலும் அவர் மாறிவிட்டார் என்று சொன்னால் அது உண்மையாகாது. 'அறிதுயில்' கடைசிவரை தொங்கிக்கொண்டிருந்தது. அதை இறக்க அவருக்கு மனம் வரவில்லை. சாம்பாரும் சாந்தமாகவே இருந்தது.

அறுபதுகள் முடிவதற்குள் அவர் காலமானார். நெஞ்சுவலி என்று காலையில் சொன்னார், மதியத்திற்குள் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம் போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. வருகிறவர்களிடமெல்லாம் அவருடைய மைத்துனர், "அத்தான் சிவபதம் சேந்துட்டாக" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது எனக்கு மறைப்புச் சொல் அன்று. போன உயிர் எங்கே போயிற்று என்பதற்கு என்னிடம் இருக்கும் ஒரே முகவரி அது. என் முறை வரும்போதும் அப்படியே சொல்லப்பட வேண்டும் என்று வேண்டுகிறவன் நான். ஆயினும் அன்று அந்தக் கூடத்தில் அதைத் திரும்பத் திரும்பக் கேட்கையில், கிடத்தப்பட்டவர் எழுந்து வந்து அதற்கும் ஒரு பலகை செய்யச் சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது.

சங்கரலிங்கம் வந்தார். பின்னால் பொன்னுத்தாய் வந்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அண்ணன் உள்ளே நுழையும்வரை அவள் வாசலில் நின்றாள், பிறகு நுழைந்தாள். மைத்துனர் அவளிடமும், "சிவபதம் சேந்துட்டாகம்மா" என்றார். அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"வாத்தியாரய்யா, செத்துட்டாகளா?"

"ஆமாம்மா. செத்துவிட்டார்."

"மேலுக்கு என்ன செஞ்சது?"

"நெஞ்சுவலி."

"வலிச்சிருக்குமா?"

"வலித்திருக்கும்."

அவள் தலையசைத்தாள். அப்போதுதான் அவள் பார்வை தலைமாட்டு விளக்கின் மேல் விழுந்தது. நர்சம்மா இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டார். சங்கரலிங்கம் தங்கையின் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நிறுத்திக்கொண்டார். கூடத்தில் அவள் வழக்கத்தை அறிந்தவர்கள் நாங்கள் மூவர்தாம்.

"ஒரு செம்புத் தண்ணி குடுங்க" என்றாள்.

நர்சம்மாவே உள்ளே போய் நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். பொன்னுத்தாய் அதை வாங்கிக்கொண்டு விளக்கின் அருகில் போனாள். செம்பைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தாள். காற்றில் சுடர் சாய்ந்தபோது, சேலைத் தலைப்பை விரித்து மறைத்துக்கொண்டு, உடலை எடுக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.